விற்க வந்தவர், வாங்க வந்தவர்

அக்காவின் மேசைக்கு முன்னால் எப்போதும் இரண்டு நாற்காலிகள் இருக்கும். ஒன்று பங்கை விற்க வந்தவருக்கு, இன்னொன்று வாங்க வந்தவருக்கு. எதிரெதிராகப் போட்டு வைத்திருப்பார். முகத்தைப் பார்க்காமல் யாரும் யாரிடமும் எதையும் வாங்கக் கூடாது என்பது அவருடைய பிடிவாதம். பல வருஷங்கள் அதுதான் அவருக்கு நல்ல பெயரைச் சம்பாதித்துக் கொடுத்தது. கடைசியில் அவரைத் தெருவில் நிறுத்தியதும் அதுதான்.

அரூர் கடைவீதியில் ஓர் உரக்கடையின் மாடியில் இருந்தது எங்கள் ஆபீஸ். படியேறும்போதே யூரியா நெடி அடிக்கும். ஊரில் எல்லோரும் 'டிரஸ்ட்' என்றுதான் சொல்வார்கள். என் தாத்தா சிறுவனாக இருந்த காலத்திலேயே புளி மண்டிக்காரர்கள் சிலரும் ஒரு வக்கீலும் சேர்ந்து ஆரம்பித்தது. புளி விற்ற காசை இந்தப் பக்கத்தில் நிலத்தில் போடுவார்கள், நகையில் போடுவார்கள், இல்லாவிட்டால் வட்டிக்கு விடுவார்கள். இவர்கள் வேறு மாதிரி யோசித்தார்கள். ஆளுக்குக் கொஞ்சம் போட்டு மொத்தமாக்கி, வெளியூர் மில்கள், தொழிற்சாலைகளின் பங்குகளையும் அரசாங்கப் பத்திரங்களையும் வாங்கிப் போட்டார்கள். அதில் வந்த லாபத்தை வருஷத்துக்கு ஒருமுறை எல்லோருக்கும் பிரித்தார்கள். தனி ஆளாக ஒரு விவசாயி வாங்க முடியாததை, இந்தத் தாலுகாவே சேர்ந்து வாங்கி வைத்திருந்தது.

இரண்டு விதிகளைத் தொடக்கத்திலேயே போட்டிருந்தார்கள். நல்ல வருஷத்தில் லாபம் முழுவதையும் பிரித்துவிடாமல் ஒரு பகுதியை ஒதுக்கி வைக்க வேண்டும், கெட்ட வருஷத்தில் அதிலிருந்து எடுத்துக் கொடுக்க வேண்டும். இன்னொன்று, போட்ட பணத்தை டிரஸ்டிலிருந்து யாரும் திருப்பி வாங்க முடியாது. பணம் தேவைப்பட்டால் தன் பங்கை வேறொருவருக்கு விற்றுக்கொள்ளலாம். ஆளாளுக்கு வந்து கேட்டால், விலை இறங்கிக் கிடக்கிற நேரத்திலும் நல்ல பங்குகளை விற்றுக் கொடுக்க வேண்டியிருக்கும் என்பதால் அந்த ஏற்பாடு.

இதனால் தை மாதம் டிவிடெண்டு வராத வருஷமே கிடையாது. மழை பொய்த்து மாடுகளை ஓட்டிக்கொண்டு போய் விற்ற வருஷத்திலும் டிரஸ்ட் கொடுத்தது. கல்யாண மண்டபத்தில் வருஷக் கூட்டம் நடக்கும். சித்தேரி மலையடிவாரத்திலிருந்தெல்லாம் குடும்பத்தோடு வருவார்கள். ஆடிட்டர் படிக்கிற கணக்கு ஒருவருக்கும் புரியாது. எல்லோரும் கேட்டுவிட்டு, கை தட்டிவிட்டு, வடை பாயசத்தோடு சாப்பிட்டுவிட்டுப் போவார்கள்.

விற்க வருகிறவருக்கு வாங்குகிற ஆளைப் பிடித்துக் கொடுப்பது அக்காவின் வேலை. 'ஷேர் அக்கா' என்பார்கள். அறுபது வயதுக்காரர்கள்கூட அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவருக்கு அப்போது ஐம்பதை ஒட்டி வயது. நல்ல உயரம். பாப்பிரெட்டிப்பட்டியில் அப்பா கட்டிய ஓட்டு வீட்டில் தனியாக இருந்தார். ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று யாரும் கேட்டு நான் கேட்டதில்லை. போனில் பேசினால் கீழே உரக்கடையில் இருப்பவர்களுக்கும் கேட்கும். நான் பி.காம். முடித்த கையோடு, பொம்மிடியிலிருந்து தினமும் பஸ் பிடித்து வந்து அங்கே கம்ப்யூட்டரில் உட்கார்ந்தேன். என் மேசை அவருக்குப் பக்கத்து மேசை.

ஒரு மேஸ்திரியின் மனைவிக்கு ஆபரேஷன், வாத்தியார் வீட்டில் காதுகுத்து என்று எதற்காக வந்தாலும் அக்கா முதலில் சொல்வது ஒன்றுதான்: "இருங்க, ஆளு இருக்குது." ஆள் இருக்கிறதோ இல்லையோ, அதைச் சொல்லிவிடுவார். பிறகுதான் தேட ஆரம்பிப்பார். மஞ்சள் விற்றவர் யார், யாருக்கு ரிட்டயர்மெண்ட் பணம் வந்திருக்கிறது, யாருடைய மகன் வளைகுடாவிலிருந்து அனுப்புகிறான் என்று யோசித்து யோசித்துப் போன் போடுவார். ஒருவரையும் வெறும் கையோடு படியிறக்கி அனுப்பிப் பார்த்ததில்லை.

மாதையன் வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மலையடிவாரத்தில் மரவள்ளி போடுகிறவர். செருப்பை மாடிப்படியின் கீழேயே விட்டுவிட்டு வந்திருந்தார்.

"பாப்பா நர்சிங் சேந்துக்குதுங்க்கா. பீசு கட்டச் சொல்றாங்கோ. எங்கப்பன் வாங்கி வச்ச பங்கு. விக்கறதுக்கு மனசு இல்ல, வேற வழியும் இல்லீங்க."

"இருங்க, ஆளு இருக்குது. மொதல்ல உக்காருங்க."

அன்று மதியம் வந்து உட்கார்ந்த ஆள் எங்கள் ஊர்க்காரர், எங்கள் மாதா கோயில்காரர். சவரிமுத்து. பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கையிலிருந்த பணத்தைப் பேங்கில் போடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தவரை அக்காதான் வரவழைத்தார். இரண்டு பேரையும் எதிரெதிரே உட்கார வைத்தார். டீ சொன்னார்.

"இவரு மாதையன். பொண்ணு படிப்புக்கு விக்கறாரு. பொண்ணு பேரு என்னாங்க?"

"தமிழரசிங்க."

"கேட்டுக்கிட்டீங்களா? தமிழரசி படிக்கப் போவுது உங்க பணத்துல. இவரு சவரிமுத்து. வயசான காலத்துல வருசத்துக்கு ஒருக்கா கைக்கு வரட்டும்னு வாங்கறாரு. ஊடு பொம்மிடியில, ஸ்டேசனுக்குப் பின்னால. அந்தப் பக்கம் போனா ஒரு எட்டு பாத்துட்டு வாங்க."

சவரிமுத்து சிரித்தார். மாதையனும் சிரித்தார். மாதையன் கையெழுத்துப் போட்டார். "பாப்பா படிச்சு முடிச்சா உங்களுக்கு ஊசி போட்டு விடும்" என்றார் சவரிமுத்துவிடம். அந்த வருஷம் மாதையன் ஒரு மூட்டை மரவள்ளிக் கிழங்கைப் பஸ்ஸில் ஏற்றிப் பொம்மிடிக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்ததாகச் சவரிமுத்துவே கோயிலில் சொன்னார்.

நான் ஒருமுறை அக்காவிடம் கேட்டேன், விற்பவரும் வாங்குபவரும் ஒருவரையொருவர் தெரிந்துகொண்டு என்ன ஆகப்போகிறது, பேப்பரில் பெயர் மாறினால் போதாதா என்று.

"காசு கை மாறுது தம்பி. யாரு வயித்துல இருந்து வந்துச்சு, யாரு வயித்துக்குப் போச்சுன்னு தெரிய வேணாமா?" என்றார். அதற்குமேல் அவரால் விளக்க முடியவில்லை. எனக்கும் அது அப்போது பிடித்துத்தான் இருந்தது.

டிரஸ்டை நடத்திய பழைய ஆட்கள் ஒவ்வொருவராகப் போனபின் அவர்களுடைய பேரன்கள் வந்தார்கள். பெங்களூரில் இருப்பவர்கள். கூட்டத்துக்கு மட்டும் காரில் வந்து போவார்கள். பழைய மில் பங்குகளையும், ஒரு இன்ஜினியரிங் கம்பெனியின் பங்குகளையும் வைத்துக்கொண்டு எத்தனை காலத்துக்கு இப்படியே கொஞ்சம் கொஞ்சமாக லாபம் பார்த்துக்கொண்டிருப்பது என்று கேட்டார்கள். ஒதுக்கி வைத்திருந்த பணம் முழுவதையும், கூட கொஞ்சம் பழைய பங்குகளை விற்ற பணத்தையும், வீடு கட்டக் கடன் கொடுக்கிற ஒரு கம்பெனியில் கொண்டுபோய்ப் போட்டார்கள். முதல் வருஷம் டிவிடெண்டு கூடுதலாக வந்தது. மண்டபத்தில் இரண்டு பாயசம். பங்கு விலை ஏறியது. அக்காவின் நாற்காலிகளில் ஆள் மாறி ஆள் உட்கார்ந்துகொண்டே இருந்தார்கள்.

அந்தக் கம்பெனி ஒரே வாரத்தில் விழுந்தது. டிவியில் காலையில் சொன்னார்கள். எங்களுக்கு அது எங்கள் பணம் என்று உறைக்க மதியமாயிற்று. அதே சமயத்தில் மார்க்கெட்டும் இறங்கிக் கிடந்ததால், மிச்சமிருந்த இன்ஜினியரிங் கம்பெனியின் பங்கும் அடிமட்டத்துக்குப் போயிருந்தது. அந்தத் தையில் டிவிடெண்டு இல்லை. கெட்ட வருஷத்துக்கென்று ஒதுக்கி வைத்த பணமும் இல்லை. தலைமுறைகளாக வராத சேதி அது. ஆபீஸ் கதவில் நான் தட்டச்சு செய்த அறிவிப்பை ஒட்டும்போது, பசை காய்வதற்குள் பின்னால் கூட்டம் நின்றுவிட்டது.

விற்பவர்கள் வந்தார்கள். வாங்க யாருமில்லை. அக்கா எல்லோருக்கும் "இருங்க" என்றார். போன் போட்டார். எடுத்தவர்கள் பாதிப் பேச்சிலேயே வைத்தார்கள். பிறகு அவருடைய நம்பரைப் பார்த்தால் எடுப்பதையே விட்டார்கள். மேசைக்கு முன்னால் ஒரு நாற்காலியில் மட்டும் ஆள் உட்கார்ந்திருக்க, எதிர் நாற்காலி காலியாகக் கிடக்கும். அதைப் பார்க்க முடியாமல் ஒருநாள் நான் எடுத்துச் சுவரோரம் போட்டேன். அக்கா எழுந்துபோய் அதைத் தூக்கிவந்து பழைய இடத்திலேயே போட்டார்.

அந்தச் சமயத்தில்தான் தமிழரசி ஆபீசுக்குப் போன் செய்தாள். நான்தான் எடுத்தேன். பேசமுடியாமல் அழுதாள். சவரிமுத்து காலையில் முதல் பஸ்ஸில் வந்து அவர்கள் வீட்டு வாசலில் உட்காருகிறார், இருட்டுகிற நேரத்தில் கடைசி பஸ்ஸில் போகிறார், ஒருநாள் விட்டு ஒருநாள் இப்படி இரண்டு வாரத்துக்கும் மேல் ஆகிறது என்றாள். திட்டுவதில்லை, கத்துவதில்லை. தண்ணீர் கொடுத்தால்கூடக் குடிப்பதில்லை. அப்பா காட்டுக்கும் போகாமல் உள்ளேயே படுத்துக் கிடக்கிறார். "எங்கப்பாவ நெனச்சா எனக்கு பயமா இருக்குது சார். அக்காவ வரச் சொல்லுங்க."

அதற்குள் நான் ஒரு பைக் வாங்கியிருந்தேன். அக்கா பின்னால் உட்கார்ந்தார். பாப்பிரெட்டிப்பட்டி தாண்டியதும் மலை தெரிந்தது.

மாதையன் வீட்டுக் களத்தில், உரித்துக் காயப்போட்ட கிழங்குக்குப் பக்கத்தில், வெறும் தரையில் சவரிமுத்து உட்கார்ந்திருந்தார். கண்டக்டராக இருந்தபோது அவ்வளவு மடிப்பாகச் சட்டை போடுகிறவர். முகத்தில் பல நாள் தாடி. எங்களைப் பார்த்ததும் எழுந்துகொள்ளப் பார்த்தார், முடியவில்லை. கால் மரத்திருந்தது.

"என்னாங்க இது?" என்றார் அக்கா.

"நான் என்னாங்க்கா பண்றது? எங்கூட்டுக்காரிக்கு ரெண்டு கிட்னியும் போயிருச்சு. வாரத்துக்கு மூணு தடவை சேலத்துக்குக் கூட்டிட்டுப் போவணும். கவருமெண்ட் ஆஸ்பத்திரியில எடம் கெடைக்கிற அன்னிக்கு சரி. கெடைக்காத அன்னிக்கு எங்க போவேன்? கையில இருந்ததெல்லாம் இதுலதான போட்டன். இவருகிட்டதான வாங்கினன். இவரு மொகத்தத்தான எனக்குத் தெரியும்."

"அதுக்கு அவரு என்னா பண்ணுவாரு?"

"எனக்குத் தெரியும்க்கா. அவரு ஒண்ணும் பண்ண முடியாதுன்னு தெரியும். ஆனா ஊட்ல உக்கார முடியல. அவ மொகத்தப் பாத்துக்கிட்டு உக்கார முடியல. பெங்களூருக்குப் போயி யார் வூட்டு வாசல்ல உக்காரட்டும், சொல்லுங்க? எனக்கு யாரத் தெரியும்?"

உள்ளேயிருந்து மாதையன் வந்தார். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். தமிழரசி அவருக்குப் பின்னால் நின்றாள். லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள்.

"காட்ட அடமானம் வச்சு இவரு பணத்தக் குடுத்துடறன்க்கா" என்றார் மாதையன். "ஊரே பாக்குது. பாப்பா படிப்ப நிறுத்திட்டு வந்துடறன்னுது. இவரு இங்க உக்காந்துட்டு இருக்கறப்ப என்னால ஒருவாய் சோறு எறக்க முடியல."

"நீங்க எதுக்குக் குடுக்கணும்?"

"இவரு நெனச்சா திட்டலாம். திட்ட மாட்டேங்கறாரே."

அக்கா களத்தில் அப்படியே நின்றுகொண்டிருந்தார். வெயில் மண்டையைப் பிளந்தது. அவர் கணக்குப் போடுகிறார் என்று நினைத்தேன். இல்லை. அந்த இரண்டு பேரையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் பங்க நான் வாங்கிக்கறன்" என்றார். "நீங்க இவருகிட்ட என்னா வெலைக்கு வாங்கினீங்களோ, அதே வெலைக்கு."

சவரிமுத்து தலையைக் குலுக்கினார். "வேணாம்க்கா. அதுக்காக நான் வரல."

"வேற எதுக்கு வந்தீங்க? எந்திரிங்க. நாளைக்கு ஆபீசுக்கு வாங்க."

அவர் மறுநாள் வர மாட்டார் என்று நினைத்தேன். வந்தார். தலையைத் தூக்காமலே கையெழுத்துப் போட்டார். எதிர் நாற்காலியில் அக்காவே உட்கார்ந்தார்.

அதோடு முடிந்திருந்தால் அக்கா பிழைத்திருப்பார். ஆனால் அரூரில் எந்தச் சேதி நின்றிருக்கிறது? ஷேர் அக்கா பழைய விலைக்குத் திருப்பி வாங்குகிறார் என்று பரவிவிட்டது. அவர் உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்த ஒவ்வொருவரும் படியேறி வந்தார்கள். பொய் சொல்லி வந்தவர்களும் அதில் இருந்தார்கள். வீட்டில் நல்லபடியாக இருந்துகொண்டே, கஷ்டம் என்று வந்து நின்றார்கள். எனக்கே தெரிந்தது. அக்காவுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? முதலில் கழுத்துச் சங்கிலி போனது. பிறகு வளையல்கள். பிறகு அவருக்கு வர வேண்டிய பி.எஃப். பணத்தின் மேல் வாங்கிய கடன்.

நான் ஒருநாள் அவரிடம் கத்திவிட்டேன். ஆபீசில் வேறு யாருமில்லை.

"உங்களுக்கென்ன பைத்தியமாக்கா? பணத்தப் போட்டுத் தொலைச்சவங்க பெங்களூர்ல ஏசி ரூம்ல உக்காந்துட்டு இருக்காங்க. நீங்க எதுக்குக் குடுக்கணும்? உங்களுக்கு வயசானா யாரு பாப்பாங்க?"

"அவங்கள எனக்குத் தெரியாது தம்பி" என்றார். "இவங்கள நான்தான உக்கார வச்சன். ஒருத்தர் கையப் புடிச்சு இன்னொருத்தர் கையில குடுத்தன். இப்ப ஒருத்தர் வாசல்ல இன்னொருத்தர் போயி உக்காந்துக்கறாங்க. அத எப்பிடி நான் பாத்துக்கிட்டு இருக்கறது?"

"எல்லாருக்கும் உங்களால குடுக்க முடியாதுல்ல?"

"முடியாது. தெரியுது." கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "ஊட்டுக்கு ஒரு ஆளு பாருங்க தம்பி. நானே கேட்டா யாரும் வெல பேச மாட்டாங்க. கூச்சப்படுவாங்க."

நான் பார்க்க மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் வேறு யாரிடமாவது அடிமாட்டு விலைக்குக் கொடுத்துவிடுவார். என் மாமா ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்று வீடு தேடிக்கொண்டிருந்தார். கூட்டிக்கொண்டு போனேன். மாமாவை உட்கார வைத்து காப்பி கொடுத்துவிட்டு, அக்கா வீட்டைச் சுற்றிக் காட்டினார்.

"இந்த மூலையில மழைக்கு ஒழுகும். ஓடு மாத்தணும். போரு சித்திரையில வத்திடும், பக்கத்து ஊட்ல ரெண்டு கொடம் குடுப்பாங்க, நல்ல மாதிரி. பின்கதவு தாப்பாள் கொஞ்சம் தூக்கித்தான் போடணும். எங்கப்பா வச்சது, எனக்குப் பழகிருச்சு."

மாமா திரும்பி வரும்போது வண்டியில், "விக்க வந்த மாதிரியே பேசலையேடா" என்றார். மாமா பேரமே பேசவில்லை. சாவி கொடுக்கிற அன்று, கொத்திலிருந்து வாசல் சாவியைக் கழற்றப் பார்த்தார் அக்கா. வளையம் இறுகியிருந்தது. நகத்தால் நெம்பிப் பார்த்தார், பல்லால் கடித்துப் பார்த்தார். மாமா வாங்கிக் கழற்றிக்கொண்டு கொத்தைத் திருப்பிக் கொடுத்தார். கொத்தில் ஆபீஸ் பீரோவின் சாவி மட்டும் மிச்சமிருந்தது. ஒரு தகரப் பெட்டியோடும் இரண்டு பைகளோடும் அரூரில் ஒரு வாடகை அறைக்கு வந்துசேர்ந்தார்.

வீட்டை விற்ற பணமும் தீர்ந்தபிறகு வந்தவர் கோவிந்தம்மாள். பிளவுஸ் தைக்கிறவர். தைத்த காசில் கொஞ்சம் கொஞ்சமாகப் பங்கு வாங்கியவர். புருஷன் தென்னை மரத்திலிருந்து விழுந்து, முதுகுத் தண்டில் அடிபட்டுப் படுத்திருந்தார். சேலத்தில் ஆபரேஷனுக்குப் பணம் கட்டச் சொல்லியிருந்தார்கள்.

"நீங்க எல்லாருக்கும் குடுக்கறதா சொன்னாங்கோ. நான் மட்டும் லேட்டா வந்துட்டனாக்கா?"

அக்கா வாயைத் திறந்தார். வழக்கமான வார்த்தை வரும் என்று நான் காத்திருந்தேன். பிறகு, "இல்ல கோவிந்தம்மா. எங்கிட்ட இல்ல" என்றார். அவர் வாயால் அப்படி ஒன்றை நான் கேட்டதே இல்லை. கோவிந்தம்மாள் சண்டை போடவில்லை. சரிங்க்கா என்று சொல்லிவிட்டு எழுந்தார். படியில் இறங்குகிற சத்தம் கடைசிப் படி வரைக்கும் கேட்டது. அக்கா அன்று முழுவதும் அந்த நாற்காலியைப் பார்த்தபடியே இருந்தார். நான் வாங்கிவந்த சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்கவே இல்லை.

அந்த வருஷக் கூட்டத்தில் ஒரே ஒரு விஷயம்தான். டிரஸ்டை மூடுவதா, நடத்துவதா? மூடினால் மிச்சமிருக்கிற பங்குகளையெல்லாம் விற்று, இருக்கிற பணத்தை எல்லோருக்கும் பிரித்துக் கொடுத்துவிடலாம். போட்டதில் சிறு பகுதிதான் வரும். மூடாமல் பொறுத்திருந்தால் இன்ஜினியரிங் கம்பெனியின் பங்கு மறுபடி ஏறும், சில வருஷங்களில் இழந்ததில் பெரும்பகுதி திரும்பி வரலாம் என்றார் ஆடிட்டர். கைவசம் எத்தனை பங்கோ அத்தனை ஓட்டு. திருப்பித் திருப்பி வாங்கியதில் அக்காவின் கையில்தான் இப்போது பெரிய அளவு பங்கு இருந்தது. அவர் சாய்கிற பக்கம்தான் ஜெயிக்கும்.

கூட்டத்துக்கு முன்னால் சேர்மன், புளி மண்டிக்காரரின் பேரன், ஆபீசுக்கு வந்தார். முதல் தடவையாக அக்காவுக்கு எதிரே உட்கார்ந்தார்.

"அக்கா, நாங்க தப்புப் பண்ணிட்டோம். ஒத்துக்கறோம். ஆனா இப்ப வித்தா அது அதைவிடப் பெரிய தப்பு. பொறுத்தா எல்லாம் வரும். முக்கியமா உங்களுக்கு. உங்க வூடு திரும்பி வரும். எழுதிக்கூடத் தரேன்."

அவர் சொன்னது பொய்யில்லை. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. டிரஸ்டை ஆரம்பித்தவர்கள் உயிரோடு இருந்திருந்தால் அவர்களும் அதையேதான் சொல்லியிருப்பார்கள். இறங்கிக் கிடக்கும்போது விற்கக் கூடாது என்றுதானே அந்த விதியையே எழுதினார்கள்? அவர் போனபின் நானும் கெஞ்சினேன். "பொறுத்துக்கலாம்க்கா. இந்த ஒரு தடவையாவது உங்களுக்குன்னு யோசிங்க." அக்கா, "பாக்கலாம் தம்பி" என்றார். பொறுக்கத்தான் போகிறார் என்று அந்தக் குரலை வைத்து நான் நம்பினேன்.

மண்டபத்தில் அந்தத் தடவை சாப்பாடு இல்லை. கத்தினார்கள். யாரோ ஒரு நாற்காலியை மேடைமேல் வீசினார்கள். ஆடிட்டர் பேசியது யாருக்கும் கேட்கவில்லை. மூடுவதற்கு ஆதரவானவர்கள் எழுந்து நிற்கலாம் என்றபோது மாதையன் எழுந்து நின்றார். அவருக்கு அப்பா பெயரில் ஒரு துண்டுப் பங்கு இன்னும் இருந்தது. கோவிந்தம்மாள் நின்றார். எனக்குத் தெரிந்த முகங்கள் பல நின்றன. வசதியானவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களால் பொறுக்க முடியும். அக்கா பின்வரிசையில் இருந்தார். கோவிந்தம்மாள் நின்றுகொண்டு, முந்தானையை வாயில் வைத்து, அக்காவையே திரும்பிப் பார்த்தபடி இருந்தார்.

அக்கா எழுந்தார். முன்னாலிருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தார். அதோடு டிரஸ்ட் முடிந்தது.

பணம் கொடுத்த அன்று அக்கா அதே மேசையில் உட்கார்ந்து எல்லோருக்கும் காசோலை கொடுத்தார். கோவிந்தம்மாளுக்கு வந்தது ஆபரேஷனுக்குப் பாதிகூடக் காணாது. அதைக்கொண்டு போய்க் கட்டி, மீதிக்குத் தையல் மிஷினை விற்றதாகச் சொன்னார்கள். புருஷன் எழுந்து உட்காருகிற அளவுக்கு ஆனார். நடக்கவில்லை. அக்காவுக்கு வந்த தொகையில் கடனெல்லாம் போக, மிச்சம் அட்வான்ஸ் கொடுத்து ஒரு வீடு பிடிக்கக்கூடப் போதாது. திருப்பூரில் பனியன் கம்பெனிப் பெண்கள் தங்குகிற ஹாஸ்டலில் சமையலுக்கு ஆள் கேட்கிறார்கள் என்று யாரோ சொல்ல, அக்கா அங்கே போனார். நான்தான் பஸ் ஏற்றிவிட்டேன். பெட்டியைக் காலுக்கடியில் வைத்துக்கொண்டு, டிக்கெட்டுக்குச் சரியான சில்லறை இருக்கிறதா என்று பர்சைத் துழாவிக்கொண்டிருந்தார். பஸ் கிளம்பும்போது நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

எனக்கு ஓசூரில் வேலை கிடைத்தது. சில வருஷங்கள் கழித்து, ஆடிட்டர் சொன்னது அப்படியே நடந்தது. அந்த இன்ஜினியரிங் கம்பெனியின் பங்கு ஏறியது. நம்ப முடியாத அளவுக்கு ஏறியது. போட்டதெல்லாம் திரும்பி வந்து, மேலே கொஞ்சம் மிஞ்சியும் இருக்கும். அரூருக்குப் போனபோது டீக்கடையில் பேசிக்கொண்டார்கள்.

"அந்தப் பொம்பள எந்திரிச்சு நின்னாளே, அன்னிக்கே போச்சு. கொஞ்சம் பொறுத்திருந்தா இன்னிக்கு ஒவ்வொருத்தனும் எங்கயோ இருந்திருப்பான்."

வசதியானவர்கள்தான் பேசினார்கள் என்று சொன்னால் எனக்கு ஆறுதலாக இருக்கும். பேசியவர்களில் சவரிமுத்துவும் இருந்தார். அவர் மனைவி இறந்துபோயிருந்தார். அக்கா கொடுத்த பணத்தில்தான் அந்த அம்மாள் கூடுதலாகக் கொஞ்ச காலம் சேலத்துக்குப் போய்வந்தார் என்பது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திக்கொண்டு, "வாப்பா, எப்ப வந்த?" என்று கேட்டார். நான் டீ குடிக்காமலே வந்துவிட்டேன்.

போன மாசியில் தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது. அக்கா. யாருடைய போனையோ வாங்கிப் பேசினார். குரல் பழையபடி இல்லை, இறங்கியிருந்தது. அம்மா நல்லாயிருக்கிறார்களா, மாமா ஓடு மாற்றிவிட்டாரா என்று கேட்டார். பின்னால் பாத்திரங்கள் விழுகிற சத்தம்.

"அந்த கம்பெனி பங்கு ஏறிடுச்சுன்னு இங்க ஒரு பொண்ணு போன்ல பாத்துச் சொல்லுச்சு. நெசமா தம்பி?"

"ஏறியிருக்குதுக்கா."

"எங்கிட்ட இருந்ததுக்கு இன்னிக்கு எவ்வளவு இருக்கும்?"

உடனே குறைத்துச் சொல்லிவிட நினைத்தேன். பாதியாகத்தான் சொன்னேன்.

"ஊடு வந்திருக்கும்ல?" என்றார்.

"வந்திருக்கும்க்கா."

முதலில் லைன் கெட்டுவிட்டதென்று நினைத்து, அக்கா, அக்கா என்றேன். பிறகுதான் அவர் அழுவது கேட்டது. மாதையன் களத்திலும் அழாதவர், சாவியைக் கொடுத்தபோதும் அழாதவர். வாயைப் பொத்திக்கொண்டு அழுவது போலிருந்தது. யாரோ அவரை உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். அவர் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.